பொன்னியா, புழுங்கலா? அரிசிக் கடையில் திணறுகிறவர்களுக்கு

"நல்ல அரிசியா ஒரு சிப்பம் போடுங்க" என்று கேட்டால், தொழில் தெரிந்த அரிசிக் கடைக்காரர் உடனே மூட்டையைத் தூக்க மாட்டார். "எதுக்கு? சாப்பாட்டுக்கா, இட்லிக்கா?" என்பார். நியாயமான கேள்வி. எல்லாவற்றுக்கும் ஏற்ற அரிசி என்று ஒன்று கிடையாது. இட்லிக்குப் பிரமாதமாக இருக்கும் குண்டு அரிசியைச் சோறாக வடித்தால் வீட்டில் பாதிப் பேர் தட்டைத் தள்ளிவிடுவார்கள். பாசுமதியில் வெண்பொங்கல் வைத்தால் நெய் எவ்வளவு ஊற்றினாலும் பொங்கலுக்கு உரிய குழைவு வராது.

புதிதாக அரிசி வாங்கப் போகிறவர்கள் திணறுவதற்கு ரகங்கள் அதிகம் என்பது மட்டும் காரணமில்லை. வெவ்வேறு விஷயங்களைச் சொல்லும் பெயர்கள் ஒரே பலகையில் கலந்து கிடக்கின்றன. பொன்னி என்பது நெல்லின் ரகம். புழுங்கல் என்பது அந்த நெல்லுக்குச் செய்த பக்குவம். பழசு என்பது வயது. சார்டெக்ஸ் என்பது கறுத்த மணிகளையும் கல்லையும் பிரித்துத் தள்ளும் எந்திரம். டீலக்ஸ் என்பது வியாபாரத்தில் ஒட்டிக்கொண்ட பெயர். "பொன்னி நல்லதா, புழுங்கல் நல்லதா?" என்று கேட்பது "காட்டன் நல்லதா, சட்டை நல்லதா?" என்று கேட்கிற மாதிரி. ஒரே பொன்னி நெல் பச்சரிசியாகவும் வரும், புழுங்கலாகவும் வரும். அதிலும் புதுசு உண்டு, பழசு உண்டு. வெந்து தட்டுக்கு வரும்போது நான்கும் நான்கு விதமாக இருக்கும்.

என்னைக் கேட்டால், மூட்டையில் பெரிதாக அச்சடித்திருக்கும் ரகப் பெயர்தான் நமக்கு இருப்பதிலேயே குறைவாக உதவுவது. பக்குவமும் வயதும் தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

அவித்ததா, அவிக்காததா

நெல்லை உமி நீக்கித் தீட்டினால் பச்சரிசி. அதே நெல்லை உமியோடு ஊற வைத்து, ஆவியில் அவித்து, காய வைத்து, அதன் பிறகு அரைத்தால் புழுங்கல். அந்தக் காலத்தில் இது அண்டாவிலும் களத்திலும் நடந்த வேலை. இப்போது ஆலையில் வெந்நீர்த் தொட்டி, நீராவி, உலர்த்தும் எந்திரம் என்று ஒரே கூரைக்குள் முடிந்துவிடுகிறது.

அவிக்கும்போது அரிசிக்குள் இருக்கும் மாவுச்சத்து ஒரு முறை வெந்து, காயும்போது இறுகிவிடுகிறது. இரண்டையும் உள்ளங்கையில் போட்டுப் பாருங்கள். பச்சரிசி நல்ல வெள்ளை. சில மணிகளின் வயிற்றுப் பகுதியில் இன்னும் அடர்த்தியாக, சுண்ணாம்பு தடவியது போல ஒரு வெள்ளைத் திட்டு இருக்கும். புழுங்கலில் அந்தத் திட்டு இருக்காது. லேசான மஞ்சள் ஓடியிருக்கும், வெளிச்சத்தில் பிடித்தால் ஒளி ஊடுருவும். பல்லில் வைத்துக் கடித்தால் பச்சரிசி பொடிந்துபோகும், புழுங்கல் 'டக்'கென்று உடையும்.

இந்த இறுக்கத்தால் ஆலையில் அரைக்கும்போது புழுங்கல் குறைவாகவே நொறுங்கும். இந்திய உணவுக் கழகம் ஆலைகளுக்கு வைத்திருக்கும் கணக்கிலேயே இது தெரியும்: 100 கிலோ நெல்லுக்குப் பச்சரிசி என்றால் 67 கிலோ, புழுங்கல் என்றால் 68 கிலோ திருப்பித் தர வேண்டும். சமைக்கும்போதும் அப்படித்தான். புழுங்கல் வேக நேரம் எடுக்கும், தண்ணீர் அதிகம் குடிக்கும், குழையாமல் நிற்கும், நிறைய சோறு காணும். பச்சரிசி சீக்கிரம் வெந்து மென்மையாகிவிடும். ஒரு விசில் கூடினால் களியாகிவிடும்.

சத்து விஷயத்தில் புழுங்கலுக்கு ஒரு பெரிய கதை உண்டு, அதில் தமிழர்களுக்கும் பங்கு உண்டு. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆசியாவில் பெரிபெரி என்ற நோய் ஆட்களை வாரிக்கொண்டு போனது. கால் வீங்கும், நரம்பு தளரும், கடைசியில் இதயம் நிற்கும். ஜாவாவில் வேலை பார்த்த டச்சு மருத்துவர் கிறிஸ்டியான் ஐக்மன், 1890களில், தீட்டிய வெள்ளை அரிசி தின்ற கோழிகளுக்கு அதே மாதிரி நோய் வருவதையும், தவிடு நீக்காத அரிசி கொடுத்தால் அவை தேறுவதையும் கண்டுபிடித்தார். 1929இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அதே காலத்தில் மலாயாவில் இருந்த ஆங்கிலேய மருத்துவர்கள் இன்னொன்றைக் கவனித்தார்கள். தீட்டிய பச்சரிசி சாப்பிட்ட சீனத் தொழிலாளர்களிடம் பெரிபெரி பரவியது. பக்கத்திலேயே உழைத்த தமிழ்த் தொழிலாளர்களிடம் அது மிக அபூர்வம். அவர்கள் சாப்பிட்டது புழுங்கல். 1905இல் கோலாலம்பூர் மனநல விடுதியில் வில்லியம் ஃபிளெட்சர் என்ற மருத்துவர், விடுதியில் இருந்தவர்களை இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதிக்குப் பச்சரிசியும் மறுபகுதிக்குப் புழுங்கலும் கொடுத்துப் பார்த்தார். பச்சரிசிப் பக்கத்தில் பலர் நோயில் விழுந்தார்கள், சிலர் இறந்தார்கள். புழுங்கல் பக்கத்தில் நோய் ஏறக்குறைய இல்லை.

காரணம் எளிது. பி1 வைட்டமின் பெரும்பாலும் தவிட்டிலும் முளையிலும் இருக்கிறது. பச்சரிசியைத் தீட்டினால் அது தவிட்டோடு போய்விடும். நெல்லை ஊற வைத்து அவிக்கும்போது அந்தச் சத்தில் ஒரு பகுதி தண்ணீரில் கரைந்து அரிசிக்குள் இறங்கி, மாவுச்சத்து இறுகும்போது அங்கேயே மாட்டிக்கொள்கிறது. அதன் பிறகு தீட்டினாலும் முழுவதும் போகாது. ஐயோ, அப்படியானால் பச்சரிசியே கூடாதா என்று பதற வேண்டாம். அந்தத் தொழிலாளர்களுக்குச் சோற்றைத் தவிர வேறெதுவும் கிடைக்காத காலம் அது. பருப்பும் காயும் சாப்பிடுகிற வீட்டில் தைப்பொங்கல் பச்சரிசியால் யாருக்கும் பெரிபெரி வராது.

இந்த இரண்டுக்கும் நடுவில் ஸ்டீம் அரிசி என்று ஒன்று இப்போது கடைகளில் நிறைய விற்கிறது. நெல்லை நீண்ட நேரம் ஊற வைக்காமல், கொஞ்ச நேரம் ஆவி காட்டி எடுப்பது. பார்க்கப் பச்சரிசி போல வெள்ளை, சோறு மட்டும் உதிரியாக வரும். புழுங்கலின் வாடை பிடிக்காது, பச்சரிசி குழைகிறது என்கிறவர்களுக்கு இது ஒத்துவரும்.

குழைவதும் உதிர்வதும்

அரிசியின் மாவுச்சத்தில் இரண்டு பொருள்கள் இருக்கின்றன: அமைலோஸ், அமைலோபெக்டின். முன்னது கூடினால் சோறு உதிரும், ஆறினால் விறைக்கும். பின்னது கூடினால் ஒட்டும். அமைலோஸ் 25 சதவீதத்துக்கு மேல் இருந்தால் அதிகம் என்றும், 20 முதல் 25 வரை நடுத்தரம் என்றும், அதற்குக் கீழே குறைவு என்றும் வகைப்படுத்துகிறார்கள். நாம் சாப்பாட்டுக்கு விரும்பும் பொன்னி வகைகளும் பாசுமதியும் பொதுவாக நடுத்தரத்தில் வரும். வெந்தபின் உதிரியாக இருக்கும், அதே சமயம் ஆறிய பிறகும் ஓரளவு மெத்தென்று இருக்கும். ஜப்பான்காரர்களின் அரிசி குறைவு வகை; குச்சியால் அள்ளும் அளவுக்கு ஒட்டும். லாவோஸிலும் வடகிழக்குத் தாய்லாந்திலும் தினசரி உண்ணும் பசை அரிசியில் அமைலோஸ் இல்லவே இல்லை என்று சொல்லிவிடலாம்.

உருவத்தை வைத்து இதைக் கண்டுபிடிக்க முடியாது. குண்டு அரிசி என்றால் ஒட்டும், நீள அரிசி என்றால் உதிரும் என்று இணையத்தில் எழுதிவைத்திருப்பது அமெரிக்கக் கடைகளுக்குச் சரியாக இருக்கலாம். நம் ஊர் இட்லிக் குண்டு அரிசி ஜப்பான் அரிசி போலவே உருண்டைதான். வடித்துப் பார்த்தால் ஒட்டவே ஒட்டாது. மதிய டப்பாவுக்குச் சோறு கட்டுகிறவர்கள் ஒரு பிடி சமைத்து, நான்கு மணி நேரம் ஆறவிட்டுச் சாப்பிட்டுப் பார்ப்பதைவிட நம்பகமான சோதனை கிடையாது. சூட்டில் எல்லா அரிசியும் நன்றாகத்தான் இருக்கும்.

பெயர்களுக்குப் பின்னால்

சரி, ரகப் பெயர்களுக்கு வருவோம். உதவாது என்று சொல்லிவிட்டு எழுதுகிறேனே என்றால், இவற்றின் கதை அப்படிப்பட்டது.

பொன்னி என்றதும் காவிரிக் கரையில் கரிகாலன் காலத்திலிருந்து விளைகிறது என்று பலர் நினைக்கிறார்கள். 1950களில் ஐ.நா.வின் உணவு வேளாண்மை நிறுவனம், ஜப்பானிய வகை நெல்லையும் நம் பக்கத்து நெல்லையும் ஒட்டு சேர்க்கும் ஒரு திட்டத்தைக் கட்டாக்கில் நடத்தியது. தைவானின் தைச்சுங் 65, மலாயாவின் மாயாங் எபோஸ் என்ற இரண்டையும் சேர்த்ததில் பிறந்த வம்சத்திலிருந்து மலேசியாவில் தேர்ந்தெடுத்து 1965இல் வெளியிட்ட ரகம் மசூரி. அது தமிழ்நாட்டுக்கு வந்து பொன்னி ஆனது. அதிலிருந்து கோவை வேளாண் பல்கலைக்கழகம் மேம்படுத்தி 1986இல் வெளியிட்டதுதான் வெள்ளைப் பொன்னி.

அதே 1986இல் ஆந்திரத்தின் பாபட்லா ஆராய்ச்சி நிலையம் பி.பி.டி. 5204 என்ற ரகத்தை வெளியிட்டது. அங்கே அதற்குச் சம்பா மசூரி என்று பெயர். நம் கடைகளில் ஆந்திரா பொன்னி, டீலக்ஸ் பொன்னி என்று விற்பது பெரும்பாலும் இதுதான். வெள்ளைப் பொன்னியைவிடச் சன்னம், சோறு இன்னும் மெல்லிசு. இன்றைக்குப் 'பொன்னி' என்று எழுதிய மூட்டைக்குள் அசல் வெள்ளைப் பொன்னி இருக்கிறதா என்று பார்த்துச் சொல்ல ஆலைக்காரரால்தான் முடியும். அரைத்துத் தீட்டிய சன்ன ரகங்களை நாமெல்லாம் பார்வையில் பிரிக்க முடியாது.

இந்தப் பி.பி.டி.யின் பெற்றோரில் ஒன்று மசூரி, இன்னொன்று ஜி.இ.பி. 24. கோவை நெல் ஆராய்ச்சி நிலையத்தில் 1921இல் வெளிவந்த ரகம் அது. விவசாயிகள் அதைக் கிச்சிலிச் சம்பா என்பார்கள். ஆத்தூர்க் கிச்சிலிச் சம்பாவின் வழி வந்தது. அதே ஜி.இ.பி. 24 ஆடுதுறை 27இலும் இருக்கிறது. திரூர்க்குப்பத்தில் உருவான டி.கே.எம். 6இலும் இருக்கிறது. அந்த டி.கே.எம். 6 பிலிப்பைன்ஸுக்குப் போய் ஐ.ஆர். 20க்கு ஒரு பெற்றோர் ஆனது. பாரம்பரிய அரிசி என்று தனியாகவும், நவீன ரகம் என்று தனியாகவும் கோடு போட்டு விற்கிறார்கள். பரம்பரையைத் தோண்டினால் டீலக்ஸ் பொன்னிக்குள்ளேயே கிச்சிலிச் சம்பா உட்கார்ந்திருக்கிறது.

எழுத்தும் எண்ணுமாக இருக்கும் பெயர்களைப் படிப்பது சுலபம். ஏ.டி.டி. என்றால் ஆடுதுறை, ஏ.எஸ்.டி. என்றால் அம்பாசமுத்திரம், டி.கே.எம். என்றால் திரூர்க்குப்பம், கோ என்றால் கோவை. எந்த ஆராய்ச்சி நிலையத்தில் பிறந்தது, எத்தனையாவது என்பதுதான் கணக்கு. ஐ.ஆர். என்று தொடங்கினால் பிலிப்பைன்ஸில் உள்ள பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிறுவனம். 1966இல் அங்கிருந்து வந்த ஐ.ஆர். 8 விளைச்சலைப் பார்த்து மலைத்துப்போய், தமிழ்நாட்டு விவசாயி ஒருவர் தன் மகனுக்கு ஐஆர்எட்டு என்றே பெயர் வைத்துவிட்டார். விளைச்சல் அப்படி, சோறு சுமார்தான். அதனால்தான் ஐ.ஆர். 8 வயலை நிரப்பிவிட்டுப் போனது, பொன்னி இலையில் தங்கிவிட்டது.

சம்பா என்று கேட்டு வாங்கும்போது மட்டும் எந்த ஊர்க் கடை என்று பார்த்துக்கொள்ளுங்கள். டெல்டாவில் அது ஆகஸ்டு தொடங்கித் தை வரை நிற்கும் நீண்ட பருவத்தின் பெயர். நாகர்கோவில் பக்கம் சம்பா அரிசி என்றால் சிவப்புப் புழுங்கல். இலங்கையில் சம்பா என்றால் பொடி மணியாக இருக்கும் ஒரு வகை. கீரிச் சம்பா அதிலும் பொடி.

பழசுக்கு ஏன் கூடுதல் விலை

அறுத்து உடனே அரைத்த அரிசியின் சோறு பசபசவென்று ஒட்டும், கஞ்சி கெட்டியாக இறங்கும். ஆறு மாதம், ஒரு வருடம் கிடப்பில் போட்டால் அதே அரிசி தண்ணீரை அதிகம் இழுத்து, நன்றாக உப்பி, உதிரியாக வேகும். சோறும் கூடுதலாகக் காணும். கிடங்கு வாடகையும் முடங்கிய பணமும் சேர்ந்துதான் பழைய அரிசியின் விலை.

தை, மாசி, பங்குனியில் சந்தைக்கு வரும் அரிசியில் புதுசு கலந்திருக்க வாய்ப்பு அதிகம். "போன மாசம் இதே மூட்டைதானே வாங்கினோம், இப்ப ஏன் குழையுது?" என்ற சண்டை எல்லா வீட்டிலும் வரும் காலம் இது. ரகம் மாறியிருக்காது, வயதுதான் மாறியிருக்கும். தண்ணீரைக் கால் டம்ளர் குறைத்துப் பாருங்கள்; பெரும்பாலும் சரியாகிவிடும். மூட்டையில் ஆலை அச்சடிக்கும் தேதி பை கட்டிய தேதி, நெல் அறுத்த தேதி அல்ல. அதனால் வயதைக் கடைக்காரரிடம்தான் கேட்க வேண்டும். பொங்கல், பாயசம் மாதிரிக் குழைய வேண்டியவற்றுக்குப் புது அரிசிதான் மேல். புத்தரிசியில் பொங்கல் வைப்பது சம்பிரதாயம் மட்டுமில்லை, சமையலுக்கும் அதுதான் சரி.

தவிடும் நிறமும்

அரிசியின் சிவப்பும் கறுப்பும் மேலே இருக்கும் தவிட்டில்தான். மாப்பிள்ளைச் சம்பாவை நன்றாகத் தீட்டிவிட்டால் வெளிறிப்போகும். ஆகவே சிவப்பு அரிசி வாங்கும்போது மணி முழுக்க ஒரே நிறமாக இருக்கிறதா, கோடு கோடாகச் சிவப்பு மிச்சமிருக்கிறதா என்று பாருங்கள். கோடாக இருந்தால் பாதித் தீட்டியது. வேக வைப்பது சுலபம், தவிடு குறைவு. கறுப்புக் கவுனியை ஊற வைத்தால் தண்ணீர் ஊதா நிறமாகும். சாயம் போட்டுவிட்டார்கள் என்று பயந்து கொட்ட வேண்டாம். நாவல் பழத்தில் இருக்கும் அதே வகை நிறப்பொருள்தான் இதன் தவிட்டிலும் இருக்கிறது, அது தண்ணீரில் கரையும்.

காட்டுயானம், பூங்கார், கருங்குறுவை, குழியடிச்சான், தூயமல்லி என்று இன்றைக்குப் பாரம்பரிய ரகங்கள் கடையில் கிடைப்பதற்குப் பலர் உழைத்திருக்கிறார்கள். நம்மாழ்வாரின் தூண்டுதலில் இறங்கிய நெல் ஜெயராமன், திருவாரூர் மாவட்டம் ஆதிரெங்கத்தில் விதைத் திருவிழா நடத்தி, நூற்றுக்கும் மேற்பட்ட ரகங்களை மீட்டு விவசாயிகளிடம் பரவவிட்டார். 2018 டிசம்பரில் அவர் காலமானார். அந்த உழைப்புக்கு மரியாதை. ஆனால் ஒவ்வொரு ரகத்தின் பாக்கெட்டிலும் மூட்டு வலி முதல் புற்றுநோய் வரை தீரும் என்று அச்சடித்து விற்கிறார்களே, அதை நான் நம்பத் தயாரில்லை. நார்ச்சத்து கூடுதல், தாதுக்கள் கூடுதல், மென்று சாப்பிட வேண்டியிருப்பதால் அளவு குறைகிறது: இவ்வளவு போதாதா?

முதன்முதலாகப் பாரம்பரிய அரிசிக்கு மாறுகிறவர்கள் எடுத்த எடுப்பில் காட்டுயானம் வாங்கி, வேகாமல் கஷ்டப்பட்டு, மிச்சத்தை மாவாக அரைத்துவிடுவார்கள். தூயமல்லியிலோ கிச்சிலிச் சம்பாவிலோ தொடங்குங்கள். இரண்டும் வெள்ளை, சன்னம், வழக்கமான சோறு போலவே இருக்கும். சிவப்பு ரகங்களைக் கஞ்சி, புட்டு, தோசை என்று கொண்டுவாருங்கள். கவுனியை இரவே ஊற வைத்துவிட்டுக் காலையில் ஊறிய தண்ணீரோடு வேக வைத்து, சர்க்கரையும் தேங்காயும் நெய்யும் சேர்த்தால் செட்டிநாட்டுக் கல்யாணங்களில் போடும் கவுனி அரிசி. தவிடோடு இருக்கும் அரிசியில் எண்ணெய்ப் பசை உண்டு. நாள்பட்டால் சிக்கு வாடை அடிக்கும். ஒரு மாதத்துக்கு மேல் தேவைக்கு வாங்கி வைக்காதீர்கள்.

சர்க்கரை நோயாளிகள் கேட்கும் கேள்விக்கு ஒரு பத்தி. அமைலோஸ் கூடுதலாக இருப்பதும், நெல்லை அவிப்பதும், தவிடு இருப்பதும் ரத்தச் சர்க்கரை ஏறும் வேகத்தைப் பொதுவாகக் கொஞ்சம் குறைக்கும். ஐதராபாத் ராஜேந்திரநகரில் உருவான ஆர்.என்.ஆர். 15048 என்ற சன்ன ரகம் அப்படிப் பெயர் வாங்கித்தான் நம் கடைகளிலும் 'ஆர்.என்.ஆர்.' என்று விற்கிறது. அதற்காக 'சுகர் ஃப்ரீ அரிசி' என்று எவரேனும் விற்றால் நகர்ந்துவிடுங்கள். அரிசி என்பதே மாவுச்சத்து. எந்த ரகம் என்பதைவிட எத்தனை கரண்டி என்பதுதான் அங்கே கணக்கு. அதை உங்கள் மருத்துவரோடு பேசி முடிவு செய்யுங்கள்.

எதற்கு எது

தினசரிச் சாப்பாட்டுக்குப் பழைய பொன்னிப் புழுங்கல் அல்லது பி.பி.டி. ஸ்டீம். குழம்பு ஊற்றிப் பிசைகிற வீட்டுக்குப் புழுங்கல் நல்லது, குழம்பைத் தாங்கும். ரசம் சாதம், தயிர்ச் சாதம் அதிகம் என்றால் பச்சரிசி அல்லது ஸ்டீம். பழைய சோற்றுக்குப் புழுங்கல்தான். பச்சரிசிச் சோறு தண்ணீரில் கரைந்துபோகும்.

இட்லிக்குக் குண்டுப் புழுங்கல். ஆடுதுறை 37, அம்பை 16, சி.ஆர். 1009 எல்லாம் இந்த வேலைக்குப் பேர்போனவை; கடையில் 'இட்லி அரிசி' என்றால் போதும். நாலு பங்கு அரிசிக்கு ஒரு பங்கு உளுந்து என்று தொடங்கி உங்கள் உளுந்தைப் பொறுத்துக் கூட்டிக் குறைத்துக்கொள்ளுங்கள். ரேஷன் புழுங்கலில் இட்லி மிக நன்றாக வரும். தமிழ்நாட்டில் 2011 ஜூன் முதல் விலையில்லாமல் கிடைக்கும் அரிசி அது. அதைச் சோறாக விரும்பாத வீடுகள்கூட மாவுக்கு வாங்குகின்றன.

முறுக்கு, அதிரசம், இடியாப்பத்துக்கு 'மாவு பச்சரிசி' என்று கேளுங்கள், மலிவான குண்டுப் பச்சரிசி வரும். அரைத்து மாவாக்கப் போகிற அரிசிக்கு நீளமும் சன்னமும் எதற்கு? யாழ்ப்பாணத்துச் சமையலைச் செய்து பார்க்கிறவர்கள் புட்டுக்கும் இடியாப்பத்துக்கும் சிவப்புப் பச்சையரிசி மாவைத் தேட வேண்டும். வெள்ளை மாவில் அந்த மணம் கிடைக்காது.

பிரியாணியில் இரண்டு கட்சி. திண்டுக்கல்லிலும் ஆம்பூரிலும் சீரகச் சம்பா. பொடி மணி, தனி மணம், மசாலாவை உள்ளே இழுத்துக்கொள்ளும். பாசுமதி நீளும், உதிரும், மசாலா மேலேயே நிற்கும். பாசுமதிக்குச் சட்டப்படி அளவே உண்டு: சமைக்காத மணி சராசரியாக 6.61 மில்லிமீட்டராவது நீளம் இருக்க வேண்டும், வெந்தபின் 1.7 மடங்காவது நீள வேண்டும். செயற்கை வாசனை சேர்க்கக் கூடாது என்று 2023 ஆகஸ்டு முதல் உணவுப் பாதுகாப்புத் துறையின் விதி இருக்கிறது. பாசுமதியின் இயற்கை மணத்தைத் தரும் அதே பொருள்தான் ரம்பை இலையிலும் இருக்கிறது; சாதாரண அரிசியில் ரம்பை இலையைப் போட்டுச் சமைத்தால் மணம் ஏறுவது அதனால்தான். என் ஓட்டு சீரகச் சம்பாவுக்கு. அதிலும் ஒரு வருடப் பழசு கிடைத்தால் விடாதீர்கள்.

கடையில் நிற்கும்போது

ஒரு கை அள்ளி, மெல்லத் தேய்த்துவிட்டுக் கீழே போடுங்கள். உள்ளங்கையில் வெள்ளை மாவு அதிகம் ஒட்டினால் பூச்சி அரித்திருக்கலாம், அல்லது தவிடு சரியாக நீங்கவில்லை. மிச்சமிருக்கும் மணிகளைப் பிரித்துப் பாருங்கள். உடைந்த மணி எவ்வளவு? பத்தில் ஒன்றுக்கு மேல் நொய் இருந்தால் சோறு கஞ்சியும் கட்டியுமாக வரும். அதற்கு முழு அரிசி விலை கொடுக்கக் கூடாது. அளவுக்கு மீறிப் பளபளப்பாக இருந்தால் கூடுதலாக மெருகேற்றியிருக்கிறார்கள். முகர்ந்தால் ஈர வாடையோ சாக்கு வாடையோ இருக்கக் கூடாது. கால் கிலோ மாதிரி கேளுங்கள். தினமும் மூட்டை விற்கிற கடைக்காரர் மறுக்க மாட்டார்.

மூட்டை ஏன் 26 கிலோவாக இருக்கிறது என்று குழம்புகிறவர்கள் உண்டு. 2022 ஜூலையில் பை கட்டி விற்கும் அரிசிக்கு 25 கிலோ வரை 5 சதவீத ஜி.எஸ்.டி. வந்தது. ஒரு கிலோ கூட்டிக் கட்டி ஆலைகள் அதைத் தாண்டிவிட்டன. விலையை ஒப்பிடும்போது கிலோவுக்கு எவ்வளவு என்று வகுத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ரேஷன் அரிசியில் அங்கங்கே நிறம் மாறிய, மற்றவற்றிலிருந்து வேறுபட்ட மணிகளைப் பார்த்துப் 'பிளாஸ்டிக் அரிசி' என்று வாட்ஸ்அப்பில் படம் சுற்றியது. அவை செறிவூட்டிய மணிகள். அரிசி மாவோடு இரும்புச்சத்து, ஃபோலிக் அமிலம், பி12 சேர்த்துப் பிசைந்து அரிசி வடிவத்தில் பிழிந்தெடுத்து, 100 கிலோவுக்கு 1 கிலோ வீதம் கலப்பார்கள். பொறுக்கி எறிந்தால் எறிவது சத்தைத்தான். அரிசியைப் பலமுறை அலசுவதும், கஞ்சியை வடித்துக் கொட்டுவதும்கூட இப்படித்தான், கரையும் வைட்டமின்கள் தண்ணீரோடு போய்விடும். வடித்த கஞ்சியை உப்புப் போட்டுக் குடித்துவிட்டால் நஷ்டமில்லை.

வீட்டுக்கு வந்ததும் மூட்டையோடு தரையில் வைக்காமல் உலர்ந்த டப்பாவில் கொட்டி மூடுங்கள். காய்ந்த மிளகாய், வேப்பிலை, வசம்பு என்று ஏதாவது போட்டு வைப்பது வண்டை ஓரளவு தள்ளிவைக்கும். அப்படியும் வண்டு வந்துவிட்டால் அரிசியைத் தூக்கிப் போட வேண்டாம். முறத்தில் புடைத்து, நிழலில் பரப்பி, காற்றாட விட்டால் வண்டு தானே நகர்ந்துவிடும். உச்சி வெயிலில் மட்டும் காயப் போடாதீர்கள். சூட்டில் மணிக்குள் விரிசல் விழும், அடுத்த நாள் உலையில் போட்டதும் முழு அரிசி நொய்யரிசியாக உடையும்.